கர்நாடக நவாப் அங்கீகாரச் சர்ச்சை

கர்நாடக நவாப் அங்கீகாரச் சர்ச்சை என்பது, 18 ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டைத் தலைநகராகக் கொண்ட கர்நாடக நவாப் பதவிக்கு ஒரே நேரத்தில் இருவர் உரிமை கோரியபோது, அவர்களில் எவரை முறையான ஆட்சியாளராக ஏற்பது என்பது பற்றி ஐதராபாத்து, தில்லி, புதுச்சேரி, சென்னை, இலண்டன், பாரிஸ் ஆகிய இடங்களில் நிகழ்ந்த நீண்ட வாதத்தைக் குறிக்கும். 1749 இல் தொடங்கிய இவ்வாதம், 1763 பெப்ரவரி 10 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின் 11 ஆம் பிரிவில் எழுத்துவடிவம் பெற்றது. இங்கிலாந்தும் பிரான்சும் முகம்மது அலி கானைக் கர்நாடகத்தின் முறையான நவாபாக ஏற்பதாக அப்பிரிவு கூறியது. ஓர் இந்திய ஆட்சியாளரின் பதவியுரிமையை ஐரோப்பிய அரசுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையில் பெயர் குறித்து ஏற்றது இங்குக் கவனிக்கத்தக்கது.

இங்கு கர்நாடகம் எனப்படுவது இன்றைய கர்நாடக மாநிலம் அன்று. கிழக்குத் தொடர்ச்சி மலைக்குக் கீழே, நெல்லூர் முதல் தெற்கு நோக்கிப் பரந்திருந்த சோழமண்டலக் கரை நாடே அக்காலத்தில் அப்பெயர் பெற்றிருந்தது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளும் நவாபுக்குத் திறை செலுத்தவேண்டியவை எனக் கருதப்பட்டன. இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், ஊத்துமலை, சொக்கம்பட்டி, சிவகிரி ஆகிய பாளையங்களும், கடையம் போன்ற மலையடிவார ஊர்களும் அத்திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவை. நவாப் யார் என்ற கேள்வி இப்பகுதியில் வெறும் பட்டப் பெயர் பற்றியதாக இருக்கவில்லை. வரியை யாரிடம் செலுத்துவது, செலுத்த மறுத்தால் எவருடைய படை வரும் என்பனவும் அதனுள் அடங்கியிருந்தன.

பின்னணி

முகலாயர் ஆட்சிமுறைப்படி தக்காணம் ஒரு சுபாதாரின் கீழ் இருந்தது. கர்நாடக நவாப் அச்சுபாதாரின் கீழ்ப்பட்ட அதிகாரி. சுபாதாரோ தில்லிப் பேரரசரின் கீழ்ப்பட்டவர். ஆகவே நவாப் பதவிக்கு இரண்டு ஆணைகள் வேண்டியிருந்தன: சுபாதாரின் சனது, பேரரசரின் ஒப்புதல். முதலாம் நிசாமான நிசாம்-உல்-முல்க் காலத்தில் சுபாதார் பதவியே கிட்டத்தட்டத் தனியரசாகிவிட்டது. எனினும் தில்லியின் பெயரால் வழங்கப்படும் ஆவணத்தின் மதிப்பு குறையவில்லை. பேரரசரின் வலிமை குன்றக் குன்ற அவருடைய முத்திரைக்கான தேவை கூடியது என்பது அக்கால அரசியலின் விந்தைகளுள் ஒன்று.

ஆற்காட்டில் ஆண்ட நவாயத் குடும்பத்தின் தோஸ்த் அலி கான் 1740 இல் மராத்தியருடன் நடந்த தாமல்செருவுப் போரில் இறந்தார். அவர் மகன் சப்தர் அலி 1742 இல் வேலூரில் கொல்லப்பட்டார். 1743 இல் பெரும்படையுடன் தெற்கே வந்த நிசாம் கர்நாடகத்தைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அன்வருதீன் கான் நவாபாக அமர்ந்தார். சப்தர் அலியின் இளம் மகனும் 1744 இல் கொல்லப்பட்டதால், பழைய குடும்பத்தைச் சார்ந்தோர் அன்வருதீனை மனமார ஏற்கவில்லை. அவர்கள் எதிர்பார்த்திருந்தவர் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப். மீனாட்சி அரசியிடமிருந்து திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றி மதுரை நாயக்கர் ஆட்சியை முடித்துவைத்த இவர், 1741 இல் மராத்தியரிடம் சிறைப்பட்டு 1748 வரை அவர்களிடம் இருந்தார்.

1748 இல் நிசாம்-உல்-முல்க் இறந்ததும் சிக்கல் இரட்டித்தது. அவர் மகன் நாசிர் சங், மகள்வழிப் பேரன் முசாபர் சங் ஆகிய இருவரும் சுபாதார் பதவிக்கு உரிமை கோரினர். இருவரும் தத்தமக்குத் தில்லியின் ஆணை உண்டு என்றனர். முசாபர் சங்குடன் சந்தா சாகிப் சேர்ந்தார். புதுச்சேரி ஆளுநர் டூப்ளே இருவருக்கும் படை உதவி அளித்தார். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவருடைய மூத்த மகன் மகபூஸ் கான் சிறைப்பட, மற்றொரு மகன் முகம்மது அலி தப்பித் திருச்சிராப்பள்ளிக் கோட்டையை அடைந்தார். சந்தா சாகிப் நவாபாக அறிவிக்கப்பட்டார். நாசிர் சங்கோ முகம்மது அலியை நவாபாக ஏற்றார். சென்னையில் இருந்த ஆங்கிலேயக் கும்பினியும் அவர் பக்கம் நின்றது.

1750 திசம்பரில் நாசிர் சங் செஞ்சிக்கு அருகே கொல்லப்பட்டார். முசாபர் சங் சுபாதாராகி, கிருட்டிணை ஆற்றுக்குத் தெற்கே உள்ள நிலப்பகுதி முழுவதற்கும் டூப்ளேயைத் தம் பிரதிநிதியாக்கினார். 1751 தொடக்கத்தில் அவரும் கொல்லப்பட, பிரெஞ்சுத் தளபதி புசி நாசிர் சங்கின் தம்பி சலாபத் சங்கைப் பதவியில் அமர்த்தினார். இந்நிகழ்வுகளைப் புதுச்சேரியிலிருந்து நாள்தோறும் கவனித்து எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, அக்கால அரசவைப் பேச்சுகளை அறிய உதவும் அரிய தமிழ்ச் சான்றாகும்.

1751 இல் இராபர்ட் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றியதும், திருச்சிராப்பள்ளி முற்றுகை தோல்வியுற்றதும் போரின் போக்கை மாற்றின. சந்தா சாகிப் தஞ்சாவூர்த் தளபதியிடம் சரணடைந்து, 1752 சூனில் தலை வெட்டப்பட்டு இறந்தார். போட்டியாளர் இறந்ததால் வாதம் முடிந்துவிடவில்லை. டூப்ளே முதலில் சந்தா சாகிபின் மகன் இராசா சாகிபையும், பின்னர் வேலூர் முர்தசா அலியையும் நவாபாக முன்னிறுத்தினார். ஏற்பதற்கு ஆள் தேடும் நிலைக்குப் பிரெஞ்சுத் தரப்பு வந்திருந்தது எனலாம்.

சதுரங்கப்பட்டினம் பேச்சுவார்த்தை

போர்ச்செலவால் இரு கும்பினிகளும் களைத்திருந்த நிலையில், 1754 சனவரியில் டச்சுக்காரரின் குடியிருப்பான சதுரங்கப்பட்டினத்தில் இரு தரப்புப் பேராளர்களும் கூடினர். டச்சுக்காரர் இப்போரில் சேராதவர்கள் ஆதலால் அவ்விடம் பொதுவிடமாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. ஆங்கிலேயர் சார்பில் இராபர்ட் பாக், என்றி வான்சிட்டார்ட் ஆகியோரும், பிரெஞ்சுக்காரர் சார்பில் இயேசு சபைத் துறவி லவோர் உள்ளிட்டோரும் வந்தனர்.

ஆங்கிலேயர் கேட்டது, முகம்மது அலியை முந்தைய நவாப்களுக்கு இருந்த அதே அதிகாரத்துடன் ஏற்கவேண்டும் என்பதாகும். பிரெஞ்சுக்காரர் கேட்டது, சலாபத் சங் வழங்கிய ஆணைகளின்படி கர்நாடகத்தில் டூப்ளேக்கு உள்ள அதிகாரத்தை ஏற்கவேண்டும் என்பதாகும். முகம்மது அலிக்கு வேறு ஏற்பாடு செய்து தரலாம் என்றனர்.

இரு தரப்பின் வாதமும் ஒரே கேள்வியில் போய் முட்டியது. நவாபை அமர்த்தும் உரிமை சுபாதாருடையது என்பதில் எவருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் சுபாதார் யார்? முகம்மது அலிக்கு உரிமை தந்தவர் நாசிர் சங்; அவர் இறந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த சுபாதார் வேறொருவரை அமர்த்தினால் பழைய சனது செல்லுமா? செல்லாது என்றால் சலாபத் சங் முறையான சுபாதார்தானா என்று பார்க்கவேண்டும். அவருடைய மூத்த தமையனார் காசி-உத்-தீன் தில்லியின் ஆதரவுடன் தக்காணத்திற்கு வந்து 1752 இல் திடீரென இறந்திருந்தார். சலாபத் சங் பதவியில் நீடிப்பதற்குப் பிரெஞ்சுப் படையே துணை. அப்படியிருக்க அவர் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கிய ஆணை எவ்வளவு செல்லும் என்பது ஆங்கிலேயர் எழுப்பிய ஐயம். அதே ஐயத்தைச் சற்று மாற்றி ஆங்கிலேயர் மீதும் எழுப்பலாம்: சென்னையின் உதவி இன்றி முகம்மது அலி ஒரு மாதமாவது கோட்டையில் தங்கியிருக்க இயலுமா?

பிரெஞ்சுக்காரர் ஆவணங்களை எடுத்து வைத்தனர். தில்லிப் பேரரசரின் பெயரிலான மடலும் அவற்றுள் ஒன்று. அதன் முத்திரையை ஆராய்ந்த ஆங்கிலேயர் அது போலி எனக் குற்றஞ்சாட்டினர். தம் தரப்பிற்கும் பேரரசரின் ஆணை உண்டு என அவர்கள் கூறினரேயன்றி, அசல்களை அங்கு முன்வைக்கவில்லை. சில நாட்களில் பேச்சு முறிந்தது. இந்த அவையில் ஆவணங்கள் பற்றி இவ்வளவு பேசப்பட்டும், கர்நாடகத்தில் வாழ்ந்த எவரும் கருத்துக் கேட்கப்படவில்லை. உரிமை கோரிய முகம்மது அலியும் அவையில் இல்லை.

அதே ஆண்டு டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த கோதே, சென்னை ஆளுநர் சாண்டர்சுடன் ஒரு தற்காலிக உடன்படிக்கை செய்தார். உள்நாட்டு அரசர்களின் பூசல்களில் இனித் தலையிடுவதில்லை எனவும், முகலாயப் பட்டங்களையும் ஆட்சிப் பொறுப்புகளையும் துறப்பதாகவும் இரு கும்பினிகளும் அதில் கூறின. ஐரோப்பாவின் ஒப்புதல் பெற்ற பின்னரே அது நிலையான உடன்படிக்கையாகும் என்ற நிபந்தனையும் இருந்தது.

திருநெல்வேலிச் சீமையில்

தலையிடுவதில்லை என்ற உறுதிமொழியின் மை உலர்வதற்குள், 1755 இன் தொடக்கத்தில் கர்னல் எரான் தலைமையில் 500 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் கொண்ட படை தெற்கு நோக்கிப் புறப்பட்டது. நவாபின் சார்பில் உடன் சென்றவர் சிறையிலிருந்து விடுபட்டிருந்த மகபூஸ் கான். முகம்மது அலி முறையான நவாப் ஆனால் அவருக்குச் சேரவேண்டிய திறையைத் திரட்டித் தருவது தலையீடு ஆகாது என்பது கும்பினியின் விளக்கம். ஒருவரை ஏற்பதன் நடைமுறைப் பயன் என்ன என்பதை இவ்விளக்கம் தெளிவாகக் காட்டுகிறது.

அப்போது மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் முகம்மது அலியின் ஆணை செல்லவில்லை. சந்தா சாகிபின் சார்பில் வந்து நிலைகொண்ட மியானா, முடேமியா, நபிகான் கட்டக் ஆகிய பட்டாணியத் தலைவர்கள் அங்கு அதிகாரம் செலுத்தினர். சந்தா சாகிப் இறந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவர்களின் பிடி தளரவில்லை. களக்காட்டுப் பகுதியை முடேமியா திருவிதாங்கூர் மன்னருக்கு விற்றதாகவும் அறியப்படுகிறது. மேற்கே திருவிதாங்கூர், இடையில் மறவர் பாளையங்கள், கிழக்கே நாயக்கர் பாளையங்கள் என அமைந்த இச்சீமையில் நவாபின் உரிமை பல ஆண்டுகள் தாளில் மட்டுமே இருந்தது.

எரானின் படை மதுரையையும் திருநெல்வேலியையும் எளிதில் அடைந்தது. ஆனால் நெற்கட்டும்செவலின் பூலித்தேவர் திறை செலுத்த மறுத்தார். 20,000 ரூபாய் கேட்கப்பட்டதாகவும், பெரும் பீரங்கிகள் இல்லாமையால் கோட்டையைத் தகர்க்க இயலாது படை திரும்பியதாகவும் வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்மின் நூல் வழி அறியப்படுகிறது. எரான் இரு சீமைகளையும் ஆண்டுக்கு 15 இலட்சம் ரூபாய்க்கு மகபூஸ் கானுக்குக் குத்தகைக்கு விட்டார். சென்னைக்குத் திரும்பிய அவர் கையூட்டு முதலான குற்றங்களுக்காகப் படைத்துறை விசாரணைக்கு உட்பட்டுப் பதவி இழந்தார்.

இதன்பின் நிகழ்ந்தவை நவாப் பதவிச் சர்ச்சையின் சிறு வடிவமாக அமைந்தன. பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒன்றுசேர்த்தார். முடேமியாவும் நபிகான் கட்டக்கும் அவருடன் சேர்ந்தனர். 1756 மார்ச் 21 அன்று திருநெல்வேலிக்கு அருகே நடந்த போரில் முடேமியா இறந்தார். கும்பினி யூசுப் கானைப் படைத் தலைவராக அனுப்பியது. திருநெல்வேலிச் சீமையை மகபூஸ் கானிடமிருந்து எடுத்து வேறொரு குத்தகைக்காரரிடம் கொடுத்தது. மனம் கசந்த மகபூஸ் கான் எதிரணியை நாடினார். அவருடைய குதிரைப்படையினர் 1756 இல் மதுரைக் கோட்டையைத் தம் தலைவர் பெயரில் கைப்பற்றினர். கும்பினி முற்றுகையிட்டும் பயன் இல்லாமல், 1757 செப்டம்பரில் பெருந்தொகை கொடுத்தே அதனை மீட்கவேண்டியதாயிற்று.

மகபூஸ் கான் நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் ஆதரவில் தங்கினார். சில மாதங்களுக்கு முன் எவரை எதிர்த்துப் பாளையக்காரர் போரிட்டனரோ அவரையே இப்போது சீமைக்கு உரியவராக முன்னிறுத்தினர். இதனை வெறும் நிலைமாற்றம் எனக் கொள்வது பொருந்தாது. மகபூஸ் கான் நவாபின் மூத்த தமையனார், அன்வருதீனின் மகன். அவர் பெயரில் போரிடும் பாளையக்காரரை நவாப் குடும்பத்திற்கு எதிரான கலகக்காரர் என அழைப்பது கடினம். சென்னையும் புதுச்சேரியும் கையாண்ட முறையை, அதாவது ஓர் உரிமைக்காரரை ஏற்று அவர் பெயரில் தம் நலனைக் காக்கும் முறையை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பாளையங்களும் நன்கு அறிந்திருந்தன. இவ்வணிக்கு வலு சேர்க்க மைசூரின் உதவியும் நாடப்பட்டது. 1760 இல் தூத்துக்குடி வழி உள்நாட்டிற்குள் நுழைந்த டச்சுப்படை ஆழ்வார்திருநகரி வரை வந்து, யூசுப் கானால் பின்வாங்கச் செய்யப்பட்டது.

1760 இல் மகபூஸ் கான் தம்பியுடன் உடன்பாடு செய்துகொண்டு வடக்கே திரும்பியதும் கூட்டணியின் பெயரளவிலான தலைமை மறைந்தது. 1761 இல் யூசுப் கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய கோட்டைகளைப் பிடித்தார். கால்டுவெல் 1881 இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் இப்போர்கள் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. எனினும் அந்நூல் பெரிதும் ஆங்கிலேய ஆவணங்களைச் சார்ந்தது என்பதை நினைவில் கொண்டு படித்தல் நன்று. பாளையக்காரர் எவரும் தம் தரப்பை அதே அளவு விரிவாக எழுதிவைக்கவில்லை.

பாரிஸ் உடன்படிக்கை

ஏழாண்டுப் போர் 1756 இல் தொடங்கியதால் 1754–55 உடன்படிக்கை பயனற்றுப்போயிற்று. 1760 இல் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுக்காரர் 1761 சனவரியில் புதுச்சேரியையும் இழந்தனர். 1763 பெப்ரவரி 10 அன்று பாரிசில் கையெழுத்தான அமைதி உடன்படிக்கையின் 11 ஆம் பிரிவு இந்தியாவைப் பற்றியது. 1749 தொடக்கத்தில் இருந்த வணிக நிலையங்களைப் பிரான்சு திரும்பப் பெற்றது. அதன்பின் சோழமண்டலக் கரையிலும் ஒரிசாவிலும் பெற்றவற்றைக் கைவிட்டது. வங்காளத்தில் படை வைத்திருப்பதில்லை என ஒப்புக்கொண்டது. வருங்கால அமைதியின் பொருட்டு முகம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாகவும், சலாபத் சங்கைத் தக்காணத்தின் முறையான சுபாதாராகவும் இரு நாடுகளும் ஏற்றன. இது ஒரு சமரசம்: முன்னவர் ஆங்கிலேயரின் ஆள், பின்னவர் பிரெஞ்சுக்காரரின் ஆள்.

இப்பிரிவில் மூன்று முரண்கள் உள்ளன. பெயர் குறிக்கப்பட்ட இருவரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் அல்லர். இருவருக்கும் மேலானவராக அதுவரை கருதப்பட்ட தில்லிப் பேரரசர் பெயர் அதில் இல்லை. மூன்றாவது முரண் கொடியது. சலாபத் சங் 1762 இலேயே தம்பி நிசாம் அலியால் பதவி நீக்கப்பட்டுப் பீதர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்தார். பாரிசில் முறையான சுபாதார் என ஏற்கப்பட்டபோது அவரிடம் ஆள்வதற்கு ஒரு சிற்றூரும் இல்லை. 1763 செப்டம்பரில் அவர் சிறையில் இறந்தார். ஐரோப்பிய அரசுகள் அவரை ஏற்ற செய்தி வந்ததே அவர் கொல்லப்படக் காரணமாயிற்று எனச் சில வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பதவியில் இருப்பவருக்குச் சிறையில் உள்ள போட்டியாளர் ஒருவர் திடீரென ஆபத்தானவராக மாறும் விதம் இதனால் விளங்கும்.

மதுரை முற்றுகை

பாரிசில் பிரான்சு முகம்மது அலியை ஏற்ற அதே 1763 இல், மதுரையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. 1759 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகை ஆளுநராக நிருவகித்த யூசுப் கான் நவாபுடன் முரண்பட்டார். தாம் கும்பினியின் பணியாளர், திறையைக் கும்பினிக்கே நேராகச் செலுத்தத் தயார் என்பது அவர் நிலை. அவர் தம் பணியாளர், தம் சீமையின் குத்தகைக்காரர் என்பது நவாபின் நிலை. சென்னை ஆட்சிக்குழு நவாபின் கூற்றையே ஏற்றது. ஒருவரை முறையான ஆட்சியாளர் எனப் பல ஆண்டுகள் வாதிட்டு, ஓர் உலக உடன்படிக்கையிலும் இடம்பெறச் செய்தபின், அவருடைய சொந்தச் சீமையில் அவர் ஆணை செல்லாது எனக் கும்பினியால் கூற முடியவில்லை.

மர்ச்சாண்டு என்பவர் தலைமையில் பிரெஞ்சு வீரர் சிலர் யூசுப் கானிடம் பணியில் இருந்தனர். 1763 இலும் 1764 இலும் நடந்த முற்றுகைகளில் கோட்டை எளிதில் விழவில்லை. இறுதியில் உடனிருந்தோராலேயே யூசுப் கான் பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். மர்ச்சாண்டும் இதில் பங்கு கொண்டவர். மருதநாயகம் என மக்கள் வழக்கில் அறியப்படும் யூசுப் கானைத் துரோகி என்றும் விடுதலை வீரர் என்றும் எழுதுவோர் உளர். அவர் தரப்பில் குறைவாக இருந்தது படையோ பணமோ அன்று. அவரை ஏற்று நிற்கும் ஓர் அரசு.

அங்கீகாரத்தின் பின்விளைவுகள்

முகம்மது அலி தமக்குக் கிடைத்ததைத் திறமையுடன் பயன்படுத்தினார். 1765 இல் பேரரசர் இரண்டாம் சா ஆலமிடமிருந்து கர்நாடகத்தைத் தக்காணச் சுபாவின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கும் ஆணை கிடைத்தது. வாலாசா என்னும் பட்டத்தால் அவர் அறியப்பட்டார். 1768 இல் நிசாமும் தம் உடன்படிக்கையில் இதனை ஒப்புக்கொண்டார். இவ்வாறு தில்லி, ஐதராபாத்து, இலண்டன், பாரிஸ் என எல்லா இடங்களிலும் ஏற்கப்பட்ட நவாப், சென்னைச் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டி, கும்பினியின் கோட்டைக்கு அருகிலேயே குடியேறினார்.

இங்கிலாந்து அரசர் தம்மை உடன்படிக்கை மூலம் ஏற்றிருப்பதால் தாம் அரசரின் நட்பாளர், ஒரு வணிகக் கும்பினியின் கீழ்ப்பட்டவர் அல்லர் என்பது நவாபின் வாதம். இது இலண்டனில் செவிமடுக்கப்பட்டது. 11 ஆம் பிரிவு நிறைவேறுவதைக் கவனிக்கும் பொறுப்பு அரசருக்கு உண்டு என்ற அடிப்படையில் சர் சான் லிண்ட்சே அரசரின் பிரதிநிதியாக 1770 இல் சென்னை வந்தார். அவரை அடுத்து 1771 இல் சர் இராபர்ட் ஆர்லண்டு வந்தார். இருவருடனும் சென்னை ஆட்சிக்குழு ஒத்துழைக்க மறுத்தது. நவாபை முறையான ஆட்சியாளர் எனப் பிரெஞ்சுக்காரரிடம் வாதிட்ட அதே கும்பினி, அவ்வாதத்தை அரசரின் தூதர் திரும்பச் சொன்னபோது ஏற்க விரும்பவில்லை.

ஆனால் அங்கீகாரத்துடன் கடனும் வந்தது. போர்ச்செலவுகள் நவாபின் கணக்கில் எழுதப்பட்டன. அதனைத் தீர்க்க அவர் கும்பினி ஊழியர் பலரிடம் தனிப்பட்ட முறையில் உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாக ஊர்களின் வரிவருவாயை எழுதிக் கொடுத்தார். 1773 இல் கும்பினிப் படையின் துணையுடன் தஞ்சாவூரைக் கைப்பற்றியதும், அதனை 1776 இல் மராத்திய மன்னருக்கு மீட்டுக் கொடுத்த ஆளுநர் பிகாட் தம் சொந்த ஆட்சிக்குழுவினராலேயே சிறை வைக்கப்பட்டு 1777 இல் காவலில் இறந்ததும் இக்கடன்காரர் வலையுடன் தொடர்புடையவை. 1785 பெப்ரவரி 28 அன்று எட்மண்டு பர்க் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி ஆற்றிய உரை புகழ் பெற்றது. அக்கடன்களுக்கான வட்டி இறுதியில் வயலில் உழுதவரின் விளைச்சலிலிருந்தே வரவேண்டியிருந்தது. 1792 உடன்படிக்கைப்படி பாளையங்களின் திறையைத் திரட்டும் அதிகாரம் கும்பினிக்கு மாறியது. இதன் விளைவான மோதல்களே பாஞ்சாலங்குறிச்சிப் போர்கள்.

1801: மீண்டும் ஒரு போட்டி நவாப்

முகம்மது அலி 1795 இல் இறந்தார். அவர் மகன் உம்தத்-உல்-உம்ரா 1801 சூலை 15 அன்று இறந்தபோது, 1799 இல் சீரங்கப்பட்டினத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, தந்தையும் மகனும் திப்பு சுல்தானுடன் மறைமுகத் தொடர்பு கொண்டிருந்தனர் எனக் கும்பினி கூறியது. ஆட்சியைக் கும்பினியிடம் ஒப்படைத்தால் பட்டம் நிலைக்கும் என மறைந்த நவாபின் மகன் அலி உசைனிடம் கூறப்பட்டது. அவர் மறுத்தார். உடனே முகம்மது அலியின் மற்றொரு பேரன் அசீம்-உத்-தௌலாவை ஆளுநர் எட்வர்டு கிளைவ் நவாபாக ஏற்றார். ஐந்தில் ஒரு பங்கு நிகர வருவாயைப் பெற்றுக்கொண்டு ஆட்சியைத் துறக்கும் உடன்படிக்கை அதே மாத இறுதியில் கையெழுத்தானது. எட்வர்டு கிளைவ், ஆற்காட்டைப் பிடித்த இராபர்ட் கிளைவின் மகன். அலி உசைன் 1802 இல் இறந்தார்.

இதே ஆண்டு சூனில் மருது சகோதரர்கள் வெளியிட்ட திருச்சிராப்பள்ளி அறிக்கை, ஐரோப்பியருக்கு இடமளித்ததற்காக நவாப் முகம்மது அலியையே குறைகூறித் தொடங்குகிறது. எவரை ஏற்பது என்பது பற்றி இச்சர்ச்சைக் காலத்தில் தமிழ்நாட்டு மண்ணிலிருந்து பொதுமக்களை நோக்கி எழுந்த அரிய குரல்களுள் இது ஒன்று. 1801 நிகழ்வு முறையானதா என்பது பிரித்தானிய நாடாளுமன்றத்தில் 1808 இல் சர் தாமசு டர்ட்டனால் எழுப்பப்பட்டுத் தோல்வியுற்றது.

சட்ட நோக்கில்

பன்னாட்டுச் சட்டத்தில், ஆட்சியை உண்மையில் நடத்துபவரை ஏற்பதும், சட்டப்படி உரிமை உடையவரை ஏற்பதும் வேறுபடுத்தப்படுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லசு அலெக்சாண்ட்ரோவிச், ஆசிய அரசுகள் 18 ஆம் நூற்றாண்டு வரை நாடுகளின் சட்டத்தில் சம உறுப்பினராக நடத்தப்பட்டன எனவும், பிந்தைய நூற்றாண்டின் ஐரோப்பியச் சட்டக் கொள்கையே அவற்றை வெளியேற்றியது எனவும் 1967 இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். 11 ஆம் பிரிவை இதற்குச் சான்றாகவும் கொள்ளலாம், மறுப்பாகவும் கொள்ளலாம். நவாபை ஆட்சியாளராக அது மதித்தது. ஆனால் அவரைக் கேளாமலேயே மதித்தது.

அண்மைக் காலத்தில் 2019 இல் வெனிசுவேலாவின் இடைக்காலத் தலைவராக உவான் குவைடோவை ஏறத்தாழ ஐம்பது நாடுகள் ஏற்றபோது இதையொத்த வாதங்கள் எழுந்தன. படையும் அலுவலகங்களும் நிக்கோலாசு மதுரோவின் கட்டுப்பாட்டிலேயே இருந்தன. வெளிநாட்டில் உள்ள அந்நாட்டுச் சொத்துகள் யாருக்கு உரியன என்பதே ஏற்பின் முதன்மையான நடைமுறை விளைவாயிற்று. குவைடோவின் இடைக்கால அரசை 2022 திசம்பரில் எதிர்க்கட்சிகளே கலைக்க வாக்களித்தன. சலாபத் சங்கின் நிலையுடன் இதனை ஒப்பிடலாம் எனினும், தேர்தல், அரசியலமைப்பு ஆகியவற்றின் அடிப்படையில் எழுந்த உரிமைக்கும் பரம்பரை உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

எஞ்சியவை

1855 இல் நவாப் குலாம் கவுசு கான் நேரடி வாரிசின்றி இறந்தபோது நவாப் பட்டம் நீக்கப்பட்டது. 1867 இல் விக்டோரியா அரசியின் ஆணையால் ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டம் வழங்கப்பட்டது. அக்குடும்பத்தினரின் இல்லமான அமீர் மகால் சென்னை இராயப்பேட்டையில் உள்ளது. யூசுப் கானின் அடக்கத்தலம் மதுரை சம்மட்டிபுரத்திலும், பூலித்தேவரின் நினைவு மாளிகை நெற்கட்டும்செவலிலும் உள்ளன. மேற்குப் பாளையங்களுடன் எல்லை தகராறு கொண்டிருந்த திருவிதாங்கூரின் செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது செங்கோட்டையும், கடையமும், நெற்கட்டும்செவலும் ஒரே மாவட்டத்தில் அமைந்தன.